டெக்சஸ் போர்க்கப்பல்: ஓட்டை எங்கே இருக்கிறது?

2017 ஜூனில், ஹூஸ்டன் நகருக்குக் கிழக்கே சான் ஜசின்டோவில் நின்றுகொண்டிருந்த டெக்சஸ் போர்க்கப்பல் ஒரு பக்கமாக ஆறு டிகிரி சாய்ந்துவிட்டது. பார்வையாளர்களை நிறுத்தினார்கள், கூடுதல் பம்புகளைக் கொண்டுவந்தார்கள், முக்குளிப்பவர்களை இறக்கித் தேடினார்கள். நீர்மட்டத்துக்குச் சுமார் 15 அடி கீழே, ஆறு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் அளவில் ஓர் ஓட்டை. 27,000 டன் எடைக்குக் கட்டிய கப்பலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் 15 அடி ஆழத்தின் அழுத்தத்தில் தண்ணீர் நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் உள்ளே பீய்ச்சும். அந்த நாட்களில் நிமிடத்துக்கு 2,000 காலன் வரை இறைக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று வீதம் நிரம்பிக்கொண்டே இருக்கும். ராத்திரி, பகல், ஞாயிற்றுக்கிழமை என்று எந்த விடுமுறையும் கிடையாது.

ஓட்டையை அடைத்தார்கள். கப்பல் நிமிர்ந்தது. அதற்கு முன் 2012 ஜூனிலும் இதே மாதிரி வெள்ளம் புகுந்து, இதே மாதிரி அடைத்திருந்தார்கள். 2010இல் பம்ப் கைகொடுக்காமல் போய், கப்பல் நின்ற இடத்திலேயே சில அடி தாழ்ந்தது. ஒவ்வொரு முறையும் ஓட்டை வேறு இடத்தில். அடைக்கிற வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. அடைத்த இடம் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பக்கத்துத் தகடுதான் அடுத்து விடும்.

இந்தக் கப்பலுக்காக இவ்வளவு பாடுபடுவது ஏன் என்று கேட்டால், இது போல இன்னொன்று உலகத்தில் இல்லை. 1914 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இருந்தது. முதல் உலகப் போரின் காலத்துக் கடற்படைகள் எல்லாம் போட்டி போட்டுக் கட்டிய 'டிரெட்நாட்' வகைப் பெரும் போர்க்கப்பல்களில் இன்றைக்கு எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பிரிட்டன் கட்டியவை, ஜெர்மனி கட்டியவை எல்லாம் கடலடியிலோ பழைய இரும்புக் கடையிலோ முடிந்துவிட்டன. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஒமாஹா கடற்கரைப் பகுதியில் படைகள் இறங்கியபோது கரையை நோக்கிச் சுட்டது. அதே மாதம் 25ஆம் தேதி ஷெர்பூர் துறைமுகத்துக்கு எதிரே ஜெர்மன் குண்டு ஒன்று மேல்கட்டுமானத்தில் வெடித்ததில் சுக்கான் பிடித்திருந்த மாலுமி இறந்தார். இத்தனை ஆண்டுச் சேவையில் எதிரியின் தாக்குதலில் இந்தக் கப்பல் இழந்த ஒரே உயிர் அது. அடுத்த ஆண்டு ஜப்பானியத் தீவுகளான இவோ ஜிமா, ஒகினாவா சண்டைகள்.

போர் முடிந்ததும் உடைக்கப் போக வேண்டிய கப்பலை டெக்சஸ் மாநிலம் கேட்டு வாங்கிக்கொண்டது. இழுத்து வரும் செலவுக்கு மக்களிடம் பணம் திரட்டி, 1948 ஏப்ரல் 21 அன்று சான் ஜசின்டோவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1836இல் மெக்சிகோவை எதிர்த்து டெக்சஸ் வென்ற போர்க்களம் அது. வெற்றி கிட்டிய தேதியும் அதே ஏப்ரல் 21. போர்க்கப்பல் ஒன்றை நிரந்தர அருங்காட்சியகமாக நிறுத்துவது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. முதல் முறை என்பதால்தான், நிறுத்திய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

கடற்படையில் இருந்தவரை இதில் போர்க்காலத்தில் 1,800 பேர் வரை வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினரின் அன்றாட வேலை பீரங்கி சுடுவதல்ல. சுரண்டுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலை உலர்துறையில் ஏற்றி, தண்ணீரை வடித்து, அடிப்பகுதி முழுவதையும் பார்த்து, ஒட்டுச் சிப்பிகளைச் சுரண்டி, தேய்ந்த தகட்டை மாற்றி, மறுபடி கடலில் விடுவார்கள். எஃகுக் கப்பல் இத்தனை காலம் ஓடுவது இந்தச் சுற்று தவறாமல் நடப்பதால்தான். 1948இல் அந்தச் சுற்று நின்றது. அடுத்து உலர்துறை பார்த்தது 1988இல், கால்வெஸ்டனில். நாற்பது வருடம்! அதற்கடுத்தது 2022இல். ஓட்டை விழுந்ததில் ஆச்சரியமில்லை, இத்தனை நாள் விழாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். மேல்தளத்தின் மரப்பலகைகள் உளுத்துப்போனதால், 1968இல் புது மரத்துக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கான்கிரீட் போட்டார்கள். கப்பலின் மேல் கான்கிரீட்! வெயிலில் எஃகு விரிந்து சுருங்க, கான்கிரீட் வெடிப்பு விட்டது. வெடிப்பு வழியாக மழைநீர் கீழ்த்தளங்களுக்கு இறங்கியது. ஆக, கீழேயிருந்து உப்புத் தண்ணீர், மேலேயிருந்து நல்ல தண்ணீர். 1988இல் உலர்துறைக்குப் போனபோதுதான் அதைப் பெயர்த்து எடுத்து மீண்டும் மரத்தளம் போட்டார்கள். சிக்கனமாகச் செய்ததாக நினைத்த வேலை கடைசியில் இரட்டைச் செலவு வைத்தது.

சரி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது? இங்கேதான் இந்தக் கப்பலுக்கே உரிய சிக்கல் இருக்கிறது.

1925-26இல் இதைப் புதுப்பித்தபோது நிலக்கரிக் கொதிகலன்களை எடுத்துவிட்டு எண்ணெய்க் கொதிகலன்கள் வைத்தார்கள். அப்போதே கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீளவாக்கில் புடைத்த கூடுகளைச் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் பிளிஸ்டர் என்பார்கள். டார்ப்பிடோ மோதினால் இந்த வெளிக்கூட்டில் வெடித்து, உள்ளே உண்மையான உடல் தப்பிக்க வேண்டும் என்பது யோசனை. உள்ளே பல அறைகளாகத் தடுத்த தொட்டிகள். சில காலியாக, சிலவற்றில் திரவம்.

அந்தக் கூடு ஒருமுறை எதிர்பாராத வேலைக்கும் பயன்பட்டது. நார்மண்டியில் தரைப்படை முன்னேறி உள்நாட்டுக்குள் போய்விட, கப்பலின் 14 அங்குலப் பீரங்கிகளுக்கு இலக்கு எட்டவில்லை. குழாயை 15 டிகிரிக்கு மேல் உயர்த்த முடியாத அமைப்பு. ஜூன் 15 அன்று மாலுமிகள் ஒரு பக்கத்துப் பிளிஸ்டரில் வேண்டுமென்றே கடல்நீரை நிரப்பினார்கள். கப்பல் மறுபக்கமாக இரண்டு டிகிரி உயர்ந்தது, குழாயும் கூடவே உயர்ந்தது, குண்டு போய்ச் சேர்ந்தது. 73 வருடம் கழித்து அதே கப்பல் தானாகவே ஆறு டிகிரி சாய்ந்து நின்றது.

அருங்காட்சியகமான பிறகு இந்தப் பிளிஸ்டர்களே நோயின் இருப்பிடமாகின. வெளிப்புறம் உப்பும் நன்னீரும் கலந்த கால்வாய் நீர். உட்புறம் கசிந்து தேங்கிய நீர். ஒரே தகட்டை இரண்டு பக்கமும் துரு தின்கிறது. பாதுகாப்பில்லாத எஃகு கடல்நீரில் ஆண்டுக்குச் சராசரியாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேயும். கேட்கச் சின்னதாக இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது வருடத்துக்குப் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டர். அதுவும் சராசரிதான். துரு சீராகத் தின்பதில்லை. ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு குழி பறிக்கும். பக்கத்தில் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கிற தகடு, நான்கு விரல் தள்ளி விரல் நுழைகிற அளவுக்கு மெலிந்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் தேங்கிய தொட்டிகளிலும் வாழும் பாக்டீரியாக்கள் வேறு தம் பங்குக்கு எஃகை அரிக்கும். சான் ஜசின்டோவில் கப்பல் நின்ற இடத்தில் வண்டல் படிந்து அடிப்பகுதி சேற்றில் புதைந்திருந்தது. மூழ்கினாலும் அதிக ஆழம் போகாது என்ற தைரியத்தை அந்தச் சேறு கொடுத்தது உண்மை. கூடவே, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே விடாமல் மறைத்தது.

துருவைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. எஃகைவிட எளிதில் கரையும் துத்தநாகக் கட்டிகளைக் கப்பலோடு இணைத்து வைத்தால் எஃகுக்குப் பதில் அவை கரையும். கரைந்ததும் மாற்ற வேண்டும். அல்லது சிறு மின்னோட்டத்தைச் செலுத்தியும் அதே பாதுகாப்பைப் பெறலாம். ஆனால் இவை வெளிப்பக்கத்தைக் காக்கும், மூடிய தொட்டியின் உட்பக்கத்துக்கு எட்டாது. தொட்டிக்குள் ஆள் போய்ப் பெயின்ட் அடிக்கலாம் என்றால், பல தொட்டிகளில் மனிதன் நுழையும் வாயே குறுகல், உள்ளே மூச்சுக்காற்றும் போதாது. துரு ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். கப்பல் பட்டறைகளில் இப்படிப்பட்ட தொட்டிக்குள் சோதிக்காமல் இறங்கி உயிர் விட்டவர்கள் உண்டு.

இன்னொரு தொல்லை ரிவெட். இந்தக் கப்பல் கட்டப்பட்ட காலத்தில் கப்பல் தகடுகளை வெல்டிங் செய்யும் பழக்கம் கிடையாது. தகட்டோடு தகட்டை லட்சக்கணக்கான ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். ஒரு தகட்டை வெட்டியெடுத்துப் புதியதை வெல்டிங் செய்தால், அந்தச் சூட்டில் அக்கம்பக்கத்து ரிவெட்டுகள் தளரும். ஒரு கசிவை நிறுத்தப் போய் நான்கு கசிவைத் தொடங்கிவைத்த கதையாகிவிடும்.

உள்ளே வந்த தண்ணீர் எடையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. பாதி நிரம்பிய ஓர் அறையில் தண்ணீர் சும்மா இருக்காது. கப்பல் கொஞ்சம் சாய்ந்தால் அதுவும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கப்பலைத் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிப்பதே இதற்காகத்தான். அருங்காட்சியகத்தில் அந்தத் தடுப்புகளும் பழையபடி இருப்பதில்லை. பார்வையாளர் நடக்க வழி, விளக்குக்கு வயர் போக ஓட்டை, கனத்த இரும்புக் கதவின் ரப்பர் காய்ந்து போனது என்று நாளடைவில் தண்ணீருக்கும் வழி கிடைத்துவிடும்.

இதன் விளைவை 2022 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் எல்லோரும் பார்த்தார்கள். 'தி சல்லிவன்ஸ்' என்ற நாசகாரிக் கப்பல் அங்கே 1977 முதல் நிற்கிறது. 1942இல் ஒரே கப்பலில் இருந்து உயிரிழந்த ஐந்து சகோதரர்களின் பெயரைத் தாங்கியது. நன்னீரில் நிற்பதால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஆனால் நாசகாரிகளை வேகத்துக்காகக் கட்டுவார்கள், தகடு ஆரம்பத்திலேயே மெல்லியது. முந்தின ஆண்டுதான் மக்களிடம் பத்து லட்சம் டாலர் திரட்டி, அடிப்பகுதிக்கு எபாக்சி என்ற நீர்புகாப் பூச்சுப் பூசும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வேலை முடிவதற்குள் கப்பல் சாய்ந்து பாதி மூழ்கிவிட்டது. வாரக்கணக்கில் இறைத்து மீண்டும் மிதக்கவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த காட்சிப்பொருட்கள், மின்சாதனங்கள், மாலுமிகளின் அறைகள் எல்லாம் எண்ணெய் கலந்த தண்ணீரில் ஊறியெழுந்தன.

டெக்சஸ் கதைக்கு வருவோம். தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. 2007இல் டெக்சஸ் வாக்காளர்கள் அதற்காக 2.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே சுற்றி அடைத்து நீரை வெளியேற்றி, நிரந்தரமாக உலர்ந்த தளத்தில் நிறுத்துவது திட்டம். கணக்குப் போடப் போட மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உலர்தளத்தைக் கைவிட்டு, அந்தப் பணத்தை உள்ளே இற்றுப்போன தாங்குசட்டங்களைப் பழுதுபார்க்கச் செலவழித்தார்கள்.

உலர்ந்த இடத்தில் வைத்தால் செலவு இல்லை என்று நினைப்பதும் தவறு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில், கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் 1922 முதல் உலர்துறையில்தான் இருக்கிறது. தண்ணீர் அடிப்பகுதி முழுவதையும் ஒரே சீராகத் தாங்கும். அடியில் வைத்த கட்டைகள் சில இடங்களில் மட்டும்தான் தாங்கும். கப்பல் தன் எடையாலேயே மெல்லத் தொய்ந்தது. அண்மைக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டுக்கால்களைச் சுற்றிலும் கொடுத்துப் பாரத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டிவந்தது. ஜப்பானின் மிகாசா இன்னொரு வழியில் தப்பியது. 1905இல் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த சுஷிமா போரில் ஜப்பானின் தலைமைக் கப்பல் அது. போர்க்கப்பல்களைக் குறைக்க வல்லரசுகள் 1922இல் செய்துகொண்ட வாஷிங்டன் ஒப்பந்தப்படி அதை அழித்திருக்க வேண்டும். மறுபடி கடலில் ஓட முடியாதபடி ஆக்குகிறோம் என்று சொல்லி யோகோசுகாவில் கரையோரம் கான்கிரீட்டில் பதித்துவிட்டார்கள். ராஜதந்திரத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் நூறு வருடமாக அதற்குக் கசிவு பற்றிய கவலை இல்லை.

டெக்சஸில் முடிவு 2019இல் வந்தது. மாநிலச் சட்டமன்றம் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. கப்பல் மாநிலத்தின் சொத்தாகவே இருக்கும்; ஆனால் நடத்தும் பொறுப்பு 99 வருடக் குத்தகையில் ஒரு தனி அறக்கட்டளைக்கு. நிபந்தனை என்னவென்றால், பழுதுபார்த்த பின் அதிகம் பேர் வரக்கூடிய ஊரில் நிறுத்தி, சொந்த வருமானத்தில் பராமரித்துக்கொள்ள வேண்டும். சான் ஜசின்டோ போர்க்களம் பெருமைக்குரிய இடம்தான். எண்ணெய் ஆலைகளுக்கு நடுவே, சுற்றுலாப் பயணி வழியில் எட்டிப் பார்க்க முடியாத இடமும்கூட. இந்த நிபந்தனை கறாரானது என்று பலர் வருந்தினார்கள். என்னைக் கேட்டால், எழுபது வருடத்தில் யாரோ உட்கார்ந்து போட்ட முதல் நேர்மையான கணக்கு இதுதான்.

அடுத்த கேள்வி: இப்படிக் கசிகிற கப்பலைக் கால்வெஸ்டன் வரை இழுத்துப் போவது எப்படி? வழியில் அலை தட்டிப் பிளிஸ்டர் உடைந்தால், ஹூஸ்டன் கப்பல் கால்வாயின் நடுவிலேயே உட்கார்ந்துவிடும். அமெரிக்காவின் மிகப் பரபரப்பான நீர்வழிகளில் அது ஒன்று. அதனால் பிளிஸ்டர் தொட்டிகளுக்குள் விரிந்து இறுகும் ஃபோமை ஊற்றி நிரப்பினார்கள். ஏறக்குறைய ஏழரை லட்சம் காலன் அளவுக்கு. ஃபோம் இருக்கிற இடத்தில் தண்ணீர் வர முடியாது, அவ்வளவுதான் தத்துவம். கசிவு மிகச் சிறிய அளவுக்கு இறங்கிவிட்டது. அப்படியானால் எல்லாக் கப்பலுக்கும் இதையே செய்துவிட்டால் என்ன? செய்யலாம், ஆனால் ஃபோமுக்குப் பின்னால் எஃகு என்ன கதியில் இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. வெல்டிங் செய்ய வேண்டுமானால் முதலில் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். பயணத்துக்கான கட்டு அது, வைத்தியம் அல்ல.

2022 ஆகஸ்ட் 31 விடியற்காலையில் இழுவைப் படகுகள் கப்பலைக் கட்டிழுத்துப் புறப்பட்டன. பாலங்களிலும் கரையிலும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அன்றைக்கே கால்வெஸ்டன் போய்ச் சேர்ந்து மிதக்கும் உலர்துறையில் ஏறியது. தண்ணீர் வடிந்ததும் பக்கவாட்டில் தெரிந்த பிளிஸ்டரின் நிலையைப் படங்களில் பார்த்தவர்களுக்கு, பம்புகள் இத்தனை வருடம் எதோடு மல்லுக்கட்டின என்று புரிந்திருக்கும். பிளிஸ்டர்களிலும் அடிப்பகுதியிலும் பெரும்பரப்பில் புது எஃகு போட்டார்கள்; 1945இல் இருந்த கடற்படை நீலத்தில் பெயின்ட் அடித்தார்கள். 2024 மார்ச் 5 அன்று மறுபடி தண்ணீரில் இறங்கியது. ஒதுக்கிய 3.5 கோடி போதவில்லை, மேலும் பணம் தேவைப்பட்டது. இரும்பைத் திறந்து பார்த்த பிறகுதான் உண்மையான மதிப்பீடு தெரியும் என்பது பழைய கப்பல்களில் எப்போதும் உள்ள விஷயம்.

இந்தியாவில் இதே கணக்கு வேறு மாதிரி முடிந்தது. 1971 போரில் வங்காள விரிகுடாவில் இயங்கிய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 1997இல் ஓய்வுபெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பாதுகாப்பு இல்லை என்று 2012இல் மூடினார்கள். காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்று உடைத்தார்கள். அதன் இரும்பில் ஒரு பங்கு மோட்டார் சைக்கிளாகி ரோட்டில் ஓடியது. விசாகப்பட்டினமோ குர்சுரா என்ற நீர்மூழ்கியைக் கடற்கரை மணலில் இழுத்து ஏற்றி, 2002 முதல் தரையிலேயே வைத்திருக்கிறது. உப்புக்காற்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பம்ப் தேவையில்லை, மூழ்கவும் மூழ்காது. நீர்மூழ்கியை இழுத்து ஏற்றலாம், விமானந்தாங்கியை ஏற்ற முடியுமா என்று கேட்பது நியாயம்தான். முடியாது. அதனால்தான் எந்தக் கப்பலை வைத்துக்கொள்வது என்ற முடிவை அதன் வரலாற்றை மட்டும் பார்த்து எடுக்கக்கூடாது. எடையையும் பார்த்தே எடுக்க வேண்டும்.

டெக்சஸின் புது ஊர் கால்வெஸ்டன்தான். சுற்றுலாப் பயணிகளுக்குக் குறைவில்லாத தீவு நகரம். வருமானத்துக்குச் சரியான இடம். எஃகுக்கு அவ்வளவு சரியான இடமல்ல. சான் ஜசின்டோவின் கலப்பு நீரைவிட இங்கே உப்பு அதிகம், கடல் பக்கம், சூறாவளியின் நேர்ப்பாதை. ஆகவே அடுத்த உலர்துறைக்கு இன்னொரு முப்பது வருடம் காத்திருக்க முடியாது. பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். செலவு இந்த முறை முதலில் ஒதுக்கிய 3.5 கோடி டாலர் என்றே குறைத்துப் போடுவோம். ஆண்டுக்கு 23 லட்சம் டாலருக்கு மேல் இப்போதிருந்தே தனியாக எடுத்து வைக்க வேண்டும். நபருக்கு 20 டாலர் டிக்கெட் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், சம்பளம், மின்சாரம், இன்சூரன்ஸ் எதையும் தொடாமல், அந்த உண்டியலுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேர் ஏறி இறங்க வேண்டும்.